வலிப்புக் குளிசையை நடுவில் விடாதீர்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கப் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட மாதாந்தக் கூட்டத்தில், ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான எமது தோழர் ஆற்றிய உரை)



சம்பளம், கிலோ கணக்கு, லயத்துக் கூரை என்று இன்றைக்குப் பேச நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் அரை மணித்தியாலம் கேட்டு வாங்கியிருக்கிறோம். வலிப்பு நோயைப் பற்றியும், அதற்குக் கொடுக்கிற குளிசையைப் பற்றியும் பேசப் போகிறோம்.

"இது டொக்டர்மார் பேசுகிற விசயம், இதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நமது தோட்டங்களில் வலிப்பு உள்ளவர்கள் குளிசையை நடுவில் விட்டுவிடுவதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது என்றார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்றார்கள். உறையில் எழுதியிருப்பது விளங்கவில்லை என்றார்கள். ஆறு மாதமாக வரவில்லை, சுகமாகிவிட்டது என்று நினைத்தோம் என்றார்கள். பெண் கேட்டு வருகிறார்கள், தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்றார்கள்.

இவற்றில் பாதிக்கு மேல் மருந்தைப் பற்றிய பிரச்சினையே இல்லை. வேலை, சம்பளம், மொழி, மரியாதை பற்றிய பிரச்சினைகள். அதனால்தான் இந்த மேடையில் பேசுகிறோம்.

இது என்ன நோய்?

நமது மூளையில் எப்போதும் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நேரத்தில் அது கட்டுமீறிப் பாய்ந்தால் வலிப்பு வருகிறது. தலையில் பட்ட அடி, பிரசவ நேரத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறியது, மூளைக் காய்ச்சல், பாரிசவாதம் என்று காரணங்கள் பல. காரணம் தெரியாமலும் பலருக்கு வருகிறது. இது தொற்றாது. எச்சில் பட்டாலோ நுரை பட்டாலோ ஒட்டாது. பேயும் இல்லை, சாபமும் இல்லை.

எல்லா வலிப்பும் விழுந்து வெட்டி இழுப்பதும் இல்லை. சிலருக்கு ஒரு கை மட்டும் துடிக்கும். சிலர் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு நினைவில்லாமல் நடப்பார்கள். சில பிள்ளைகள் சில விநாடி கண் நிலைகுத்தி நின்றுவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்குவார்கள். வகுப்பில் "பராக்குப் பார்க்கிறான்" என்று அடி வாங்குகிற பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்களும் இருக்கலாம். ஆசிரியர்களாகிய நாங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி நடந்தால் தாய் தகப்பனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான மருந்தைச் சரியாக எடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. மலைக்குப் போகலாம், படிக்கலாம், கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம்.

குளிசை எப்படி வேலை செய்கிறது?

வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று பீனோபார்பிட்டோன். 1912 முதல் பாவனையில் இருக்கிறது. பீனைட்டோயின், கார்பமசபின், சோடியம் வல்புரோவேட், லமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் எல்லாம் பிறகு வந்தவை. எந்த வலிப்புக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து லயத்துக்காரருக்குச் சுகம் தந்த குளிசை உங்கள் பிள்ளைக்கு வலிப்பைக் கூட்டிவிடவும் கூடும். ஆகவே இரவல் குளிசை வேண்டவே வேண்டாம்.

தலையிடிக் குளிசை போல வந்த நேரத்தில் போட்டு வலியை நிறுத்துகிற மருந்து இல்லை இது. வலிப்பு வராமல் முன்கூட்டியே காவல் நிற்கிற மருந்து. பீலியடியில் உள்ள ஓட்டைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். காலையும் மாலையும் ஊற்றினால்தான் அளவு குறையாமல் நிற்கும். இரத்தத்தில் மருந்தும் அப்படித்தான். இரண்டு நாள் ஊற்றாவிட்டால் தொட்டி காய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் வலிப்பு வருகிறது, அதுவும் முன்னைவிடக் கடுமையாக வரலாம். திடீரென்று நிறுத்தியதால் ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது என்று விடாமல் வந்து உயிர் போனவர்களும் உண்டு.

ஆகவே "ஆறு மாதமாக வரவில்லை" என்றால் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. குளிசை வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடமாவது வலிப்பே இல்லாமல் இருந்தால், குறைக்கலாமா என்று வைத்தியர் யோசிப்பார். அப்போதும் ஒரேயடியாக நிறுத்தமாட்டார், மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். பிரட்டுக்குப் போகும் முன் காலைத் தேத்தண்ணியோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

நீங்களாக அரைக் குளிசை கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பீனைட்டோயினில் கொஞ்சம் கூட்டினாலும் இரத்தத்தில் அளவு எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஏறித் தள்ளாட்டம் வரலாம். வைத்தியர் முதலில் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார். "போட்டும் வலிப்பு வந்துவிட்டது, இந்த மருந்து சரியில்லை" என்று முதல் மாதத்திலேயே முடிவு கட்டாதீர்கள். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வந்தது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்துத்தான் வைத்தியர் அளவைத் திருத்துவார்.

நமது லயங்களில் ஈரம் அதிகம். கார்பமசபின் குளிசை ஈரம் பட்டால் அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடக் கூடும். ஒழுங்காகப் போட்டும் வலிப்பு வருகிறது என்றால், குளிசை இருந்த இடத்தையும் பாருங்கள். அடுப்படித் தட்டிலும் கூரை ஒழுகும் மூலையிலும் வைக்க வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள காய்ந்த போத்தலில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வல்புரோவேட் குளிசையை அதன் தகட்டிலிருந்து முன்கூட்டியே பிரித்துக் கொட்டி வைக்காதீர்கள், போடும்போது பிரித்தால் போதும். மெதுவாகக் கரையும் குளிசைகளை நசுக்கக் கூடாது, பாதியாக உடைப்பதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பாணி மருந்து என்றால் போத்தலை நன்றாகக் குலுக்கி, அதோடு வரும் அளவுக் கரண்டியால் கொடுங்கள். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒரே அளவு இல்லை.

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடிவிடும். கிளினிக் நாள் வரும்போது கையில் ஒரு குளிசையும் இல்லாமல் இருக்கக் கூடாது. ஒரு கிழமைக்குத் தேவையானது மிச்சமிருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை என்று வெளியே வாங்கச் சொன்னால், "இல்லை" என்று வீட்டுக்குத் திரும்பாமல் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

நித்திரை முழிப்பு வலிப்பைக் கிளப்பும். காமன் கூத்தானாலும் திருவிழாவானாலும் விடிய விடிய முழித்திருப்பது இவர்களுக்கு ஆகாது. பட்டினி விரதமும் கவனம். சாராயமும் கசிப்பும் வலிப்பைக் கூட்டும். "இன்றைக்குக் குடிக்கப் போகிறேன், அதனால் குளிசை வேண்டாம்" என்று தவிர்ப்பது இரட்டை ஆபத்து.

வேறு நோய்க்கு மருந்து எடுக்கும்போது கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட், சளிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின் போன்றவை சில வலிப்பு மருந்துகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். ட்ரமடோல் என்ற வலி மருந்து வலிப்பையே தூண்டலாம். நாட்டு மருந்து எடுப்பதானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கோடங்கியிடம் போகிறவர்களைத் தடுக்க நாங்கள் வரவில்லை. சாமி கும்பிடுங்கள், விபூதி பூசுங்கள். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

தொடக்கத்தில் நித்திரைத் தூக்கம், தலைசுற்று, வயிற்றுப் பிரட்டல் வரலாம். பெரும்பாலும் சில கிழமைகளில் குறையும். பீனோபார்பிட்டோன் எடுக்கும் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால் அடிக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தருகிறோம்.

ஆனால் கார்பமசபின், பீனைட்டோயின், லமோட்ரிஜின் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் தோலில் சிவந்த தடிப்பு, காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது தோல் உரிந்து உயிராபத்தாகும் நோயாக மாறலாம். வல்புரோவேட் எடுப்பவருக்குக் கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால், அசதியாகச் சோர்ந்தால் அதுவும் அப்படித்தான். பீனைட்டோயினால் முரசு வீங்கலாம், பல்லைச் சுத்தமாக வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெண்களுக்கு முக்கியமான விசயம்

மாதர் சங்கத் தலைவிமார் இதை வீடு வீடாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் சோடியம் வல்புரோவேட் எடுத்தால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு உடலில் குறைபாடு ஏற்படலாம். பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் பேச்சிலும் படிப்பிலும் பின்னடைவு வரலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்காக இன்றைக்கே வீசிவிடாதீர்கள். நிறுத்தினால் வரும் வலிப்பு தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. அடுத்த கிளினிக் வரை காத்திராமல் போய், "எனக்குப் பிள்ளை பெறும் வயது, இந்த மருந்தை மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மிட்வைப்பிடம் சொன்னால் போலிக் அமிலக் குளிசையையும் முன்கூட்டியே தொடங்கலாம்.

இன்னொன்று. கார்பமசபின், பீனைட்டோயின், பீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையும் கையில் வைக்கும் குச்சியும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். லூப்பை இவை பாதிப்பதில்லை. மிட்வைப் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்காக மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண் கல்யாணமாகிப் போகும்போது குளிசைப் போத்தலைத் தாய் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கண்டுவிடக் கூடாது என்ற பயம். ஐந்தாம் நாள் அடுப்பங்கரையில் விழுந்து இடது கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மாமியாருக்கு விசயம் தெரிந்தது. "முதலே சொல்லியிருந்தால் அடுப்பை நான் பார்த்திருப்பேனே" என்று அந்த அம்மா அழுதார். மறைப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சொன்னால் கேலி செய்யாத லயமாக நமது லயம் இருக்க வேண்டும். "காக்காய் வலிப்புக்காரன்" என்று பட்டப்பெயர் வைப்பதை முதலில் நமது கூட்டங்களில் நிறுத்துவோம்.

மலையில் ஒருவர் விழுந்தால்

கையில் சாவி கொடுக்கிறோம், இரும்பு கொடுக்கிறோம், வாயில் கரண்டி வைக்கிறோம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். நாம் அதைச் சாவியின் பலன் என்று நினைத்துக்கொள்கிறோம். வாயில் எதையும் வைக்காதீர்கள், பல் உடையும், மூச்சடைக்கும். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கவ்வாத்துக் கத்தியையும் கூடையையும் அப்புறப்படுத்துங்கள். சரிவில் உருளாமல் பாருங்கள். தலைக்குக் கீழே படங்குச் சாக்கை மடித்து வையுங்கள். துடிப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், நினைவு வராமலே அடுத்தது வந்தால், கர்ப்பிணியானால், தலையில் பலத்த அடி பட்டால், அல்லது இதுதான் முதல் தடவை என்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை. லயத்துக்கு வாகனம் ஏற முடியாவிட்டால் எந்தச் சந்திக்குக் கொண்டுவருவோம் என்பதை ஒவ்வொரு கமிட்டியும் இப்போதே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

சங்கம் என்ன செய்யப் போகிறது?

தோழர்களே, இவ்வளவும் சொல்லிவிட்டு "ஒழுங்காகக் குளிசை போடுங்கள்" என்று வீட்டுக்கு அனுப்பினால் அது வெறும் புத்திமதி. மாதத்தில் ஒரு நாள் பேரை இழந்துதான் மருந்து எடுக்க வேண்டும் என்றால், கையில் காசில்லாத மாதத்தில் யாரும் மருந்தைத்தான் விடுவார்கள். ஆகவே நான்கு விசயங்களை இன்றைக்குத் தீர்மானமாக எடுக்கும்படி கேட்கிறோம்.

முதலாவது, கிளினிக் துண்டு காட்டுகிற தொழிலாளிக்கும், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற தாய்க்கும் அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. இதை ஒவ்வொரு தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்போம்.

இரண்டாவது, நிலை சீராக உள்ளவர்களுக்கு மாதாந்த மருந்தைத் தோட்ட டிஸ்பென்சரி வழியாகவே கொடுக்க ஏற்பாடு வேண்டும். 2020இல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்ப அரசாங்கமே ஏற்பாடு செய்தது. அப்போது முடிந்தது இப்போதும் முடியும்.

மூன்றாவது, மருந்து உறையில் தமிழில் எழுதித் தர வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்பதைத் தன் மொழியில் வாசிக்க முடியாமல் ஒருவர் மாற்றிப் போட்டால் அந்தப் பழியை அவர் மேல் போட முடியாது. அதுவரைக்கும் ஒன்று செய்வோம். கிளினிக்கிலிருந்து வந்ததும் உறைகளைப் பாடசாலைக்கோ சங்கக் காரியாலயத்துக்கோ கொண்டுவாருங்கள். விளங்காததை டிஸ்பென்சரியில் கேட்டுத் தெளிவுபடுத்தி, தமிழில் எழுதி ஒட்டித் தருகிறோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து தருவோம்.

நான்காவது, வலிப்பு உள்ளவரை உயரமான பாறைச் சரிவிலும், ஸ்டோரில் ரோலர் பக்கத்திலும் போடக் கூடாது. ஆபத்தில்லாத வேலை கொடுக்க வேண்டும், சம்பளம் குறையக் கூடாது. நோயைச் சொன்னதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால் அதைச் சங்கத்தின் பிரச்சினையாக எடுப்போம். சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் சொல்லமாட்டார்கள். வீட்டிலும் இதே கவனம் தேவை. இவர்கள் ஆற்றிலும் பீலியிலும் தனியாகக் குளிக்க வேண்டாம், மரம் ஏற வேண்டாம், அடுப்படியில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். வலிப்பு உள்ள பிள்ளையும் படிக்கும் பிள்ளைதான். வகுப்பில் விழுந்தால் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

தலைவர்மார் திரும்பிப் போனதும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பிரிவில் வலிப்புக்கு மருந்து எடுப்பவர் யார் யார், நடுவில் விட்டவர் யார் என்று பாருங்கள். பெயர்களைப் பிரட்டுக்களத்தில் வாசிக்க வேண்டாம். தனியாகப் போய், இருந்து கதைத்து, ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். விட்டவர்கள் பழைய குளிசையைத் தாமாகத் திரும்பத் தொடங்காமல், இந்தக் கிழமையே கிளினிக்குக்கு வரட்டும். தனியாகப் போகப் பயந்தால் நம்மில் ஒருவர் கூடப் போவோம். அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் திரும்பப் போனார்கள் என்ற கணக்கை, பெயர் இல்லாமல், இங்கே கேட்போம்.

தீர்மானங்களை வாசிக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.